அம்மாவின் மூட்டுவலியும் சந்தைப் பொடியும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. துக்கத்துக்கு வந்த நீங்கள் எல்லாரும் என்ன நோய் என்று கேட்டீர்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று அப்பா சொன்னார். அது கடைசி வாரத்துக் கதை. அதற்கு முந்தைய கதையைச் சொல்ல அன்று எங்களில் யாருக்கும் தெம்பில்லை. மூத்த மகளாக அதை இங்கே எழுதுகிறேன்.

அம்மா எங்கள் மலையின் பைல் நாட்டுப் பகுதியில் பிறந்தவர். உடன்பிறந்தவர் ஒரே தங்கை, எங்கள் சின்னம்மா. அப்பாவைக் கட்டிக்கொண்டு அதே மலையில் உள்ள குண்டூர் நாட்டுக்கு வந்த புதிதிலேயே, மரவள்ளிக் காட்டில் ஆண்களுக்குச் சமமாகக் கிழங்கு பிடுங்குவார் என்று பெயர் வாங்கியவர். சத்தமாகச் சிரிப்பார். பஸ்ஸில் ஜன்னல் ஓரச் சீட்டுக்காகச் சொந்தத் தங்கையிடமே சண்டை பிடிப்பார்.

தம்பி பிறந்த சில மாதங்களில் அம்மாவின் கைவிரல்கள் வீங்கின. காலையில் எழுந்தால் மடக்க முடியாது. வெந்நீரில் கைகளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். வெயில் ஏறிய பிறகுதான் குழந்தையைத் தூக்குவார். பிறகு மணிக்கட்டு, முழங்கால், பாதம் என்று வீக்கம் பரவியது. எனக்கு அப்பாதான் தலை பின்னிவிட்டார். கோணல் சடையோடு பள்ளிக்கூடம் போனேன். தைலம் தேய்த்தோம், தழை வைத்துக் கட்டினோம், கோயிலில் வாக்குக் கேட்டோம். வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றவர்களும் உண்டு. அம்மா வீங்கிய கையோடு களை எடுக்கப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் சந்தையில் தரையில் துணி விரித்து மூட்டுவலிக்கு மருந்து விற்பவரிடம் பொடி வாங்கினார்கள். வெறும் மூலிகை என்றார் அவர். மறுநாளே அம்மாவின் விரல்கள் மடங்கின. அதற்கடுத்த வாரம் காட்டுக்குப் போய்விட்டார். அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். முகம் உருண்டு பளபளத்ததும், பிள்ளை தேறிவிட்டாள் என்று பார்த்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். கை கால் மெலிந்ததையும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப் போனதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொடி தீர்ந்தால் வலி திரும்பும், மறுபடியும் வாங்குவார். தம்பி பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை அப்படியே ஓடியது.

ஒருநாள் லாரிக்கு ஏற்ற வைத்திருந்த கிழங்கு மூட்டையைக் குனிந்து நகர்த்தியவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. மலைக்கு மாற்றலாகி வந்திருந்த ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, சாப்பிடும் மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். பொடியைக் கண்டதும் எவ்வளவு காலமாக என்று கேட்டார்.

"பையன் பால் குடிக்கறப்ப இருந்துங்க," என்றார் அம்மா.

அம்மாவுக்கு இருந்தது முடக்கு வாதம் என்று டாக்டரம்மா விளக்கினார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி மூட்டுகளைத் தாக்குகிற நோய் அது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால், வாரம் ஒருமுறை மாத்திரையும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனையுமாக அடக்கி வைக்கலாம். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். அது வீக்கத்தை அமுக்கியிருக்கிறது. அளவு தெரியாமல் வருடக்கணக்கில் சாப்பிட்டதில் எலும்பு சல்லடையாகிவிட்டது. மூட்டையை நகர்த்தியதில் முதுகெலும்பின் ஒரு கணு நசுங்கியிருந்தது. முகம் உருண்டதுகூடச் சதையல்ல, அந்த மருந்தின் உப்பல்.

அம்மா கேட்டார்: "அப்ப, இத்தன வருசம் நான் நல்லா இருந்தது பொய்யிங்களா?"

டாக்டரம்மா பொடியை ஓரமாக நகர்த்தி வைத்தார். "வலி போனது நிஜம்தாம்மா. நோய்தான் போகல," என்றார்.

திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதால், அதே ஸ்டீராய்டை அளவு தெரிந்த மாத்திரையாகக் கொடுத்து, அதைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். குறைக்கக் குறைக்க, அமுங்கிக் கிடந்த வலியெல்லாம் மேலே வந்தது. வாரம் ஒருமுறை சாப்பிடும் புது மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை அம்மா படாத பாடு பட்டார். ஒரே ஒரு பொட்டலம் வாங்கி வரும்படி அப்பாவிடம் கெஞ்சினார். அப்பா சந்தை வரைக்கும் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

ஓரளவு நடக்க முடிந்ததும் அம்மா முதலில் போனது சந்தைக்குத்தான். நானும் கூடப் போனேன். அந்த மனிதரைச் சபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இடுப்புப் பட்டையும் ஊன்றுகோலுமாக அவர் முன்னால் நின்று, பொடியில் என்ன கலக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க அக்கா. கீழ இருந்து மூட்டையா வருது, நான் மடிச்சுக் கொடுக்கறேன். எங்கம்மாவும் இதத்தான் தின்னுட்டு இருக்குது," என்றார் அவர்.

அம்மா ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பட்டுனு மட்டும் நிறுத்திராதீங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அடுத்த சந்தையிலும் அவர் கடை விரித்திருந்தார்.

அதன்பிறகு, அந்த ஸ்டீராய்டின் விளைவாகவே, அம்மாவின் இடுப்பு மூட்டு ரத்த ஓட்டம் இல்லாமல் நொறுங்கியது. மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் செயற்கை மூட்டு வைத்தார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணின் தோளைப் பிடித்து மறுபடியும் நடந்தார். ஒரு தை மாதம் முழுக்க எங்கள் வாசலில் அவரே கோலம் போட்டார். ஆனால் முதுகெலும்பு மேலும் மேலும் நசுங்கியதில் கூன் விழுந்தது. மூச்சு இழுக்க நெஞ்சில் இடமில்லை. மழைக்காலத்தில் வந்த சளிக் காய்ச்சலைத் தாங்கும் பலம் அந்த உடம்பில் இல்லை.

கடைசியில் பேசியது என்னிடம்தான். "உம்பட சின்னம்மாவப் பாத்துக்க கண்ணு. அவ வலிச்சாலும் வாயத் தொறக்க மாட்டா," என்றார். விடிவதற்குள் போய்விட்டார்.

உண்மையை மறைக்காமல் சொன்ன டாக்டரம்மாவுக்கும், அம்மாவின் உடம்பு குலுங்காமல் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை மெல்லத் திருப்பிய ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், முகம் சுளிக்காமல் மலம் எடுத்துப் போட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், பாடையைத் தோளில் சுமந்த தம்பியின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பு.

அம்மா போன சில மாதங்களில் சின்னம்மாவுக்கும் விரல்கள் வீங்கின. அந்த வாரமே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். இன்று படையலுக்கு மாவு பிசைந்தவர் அவர்தான். பந்தியில் உங்களுக்குப் பரிமாறப் போகிறவரும் அவர்தான். அவருடைய விரல்கள் நேராக இருக்கின்றன.

அந்த மாத்திரை எப்போது வந்தது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். தம்பி பிறந்த காலத்திலேயே மலைக்குக் கீழே கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்களாம்.