ஐம்பது ரூபாயில் இளையாத்தங்குடி

காலை ஏழரை மணிக்குக் காரைக்குடி பழைய பேருந்து நிலையத்தில் நின்றோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், கணக்கு டீச்சர் ஜெசிந்தா, கூட நான்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கல்யாண வீடுகளில் அண்டா கழுவிப் பிழைத்தவன். இன்றைக்குச் சமையல் கான்ட்ராக்ட், பாத்திர வாடகை, பந்தல் என்று மூன்று தொழில். ஐநூறு இலைக்கு எத்தனை படி அரிசி, எத்தனை கரண்டி உப்பு என்று யாரும் கேட்கட்டும், பேனா எடுக்காமல் சொல்வேன். இந்த வட்டாரத்தில் என் சாம்பாரைக் குறை சொன்னவர் கிடையாது.

பள்ளிக்கூடம் என் கடைக்கு நேர் எதிரே. துணைக்கு ஒரு பெரிய ஆள் வேண்டுமென்று டீச்சர் வந்து கேட்டபோது, முகூர்த்த நாள் என்று தெரிந்தும், வேலையை மகனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பயணம் சாதாரணப் பயணமில்லை. வருடா வருடம் சுற்றுலாக் கம்பெனி கேட்கும் ஆயிரத்துச் சொச்சத்தைக் கட்ட முடியாமல் பாதி வகுப்பு வீட்டில் உட்கார்ந்திருக்கும். டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கு ஐம்பது ரூபாய். எங்கே போவது, எதில் போவது, என்ன சாப்பிடுவது எல்லாவற்றையும் பிள்ளைகளே கணக்குப் போட வேண்டும். அதுதான் பாடம்.

தலைமையாசிரியர் மூன்று நிபந்தனை வைத்தார். எந்தப் பிள்ளையும் பட்டினியாகத் திரும்பக் கூடாது. ஐந்து மணிக்குள் ஊர் வர வேண்டும். வெளியார் காசு ஒரு ரூபாய் சேரக் கூடாது. “கைக்காசு போட்டுக் கூட்டிப் போனா அது தர்மம், பாடமில்ல” என்றாராம். மூன்றில் ஒன்று தவறினாலும் அடுத்த வருடம் பழையபடி கம்பெனி வண்டிதான்.

கணக்குப் பொறுப்பு கல்பனா என்ற பெண்ணிடம். அதுவரை எந்தச் சுற்றுலாவுக்கும் போகாத பிள்ளை. திட்டத்தை என்னிடம் காட்டினாள்: குன்றக்குடி, திருப்பத்தூர், கடைசியில் இளையாத்தங்குடி. மொத்தம் ஆயிரத்து நூறு. பெண் பிள்ளைகள் பதின்மூன்று பேருக்குப் பேருந்துச் செலவு பூஜ்யம், ஏனென்றால் ரோஸ் வண்ணம் அடித்த டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மதியச் சாப்பாடும் பூஜ்யம், கோயில் அன்னதானம். இளையாத்தங்குடிக் கோயில் குளத்தின் சுற்றளவை அளக்க ஒரு சணல் நூல்கண்டு, முப்பது ரூபாய்.

“டேய் அந்தோணி, எங்க காசுலதேன்டா நீங்க ஒம்பது பேரும் போறீக. ஞாபகம் வச்சுக்க” என்றாள் கல்பனா.

“அதுக்குத்தேன் ஒங்களுக்கு சன்னல் சீட்ட விட்டுக்குடுத்துருக்கோம்ல” என்றான் அவன். வாய் ஓயாத பையன்.

எட்டேகாலுக்குக் குன்றக்குடி. பத்து கிலோமீட்டர், பையனுக்குப் பத்து ரூபாய். மலை ஏறி இறங்கினோம். படியின் உயரத்தை ஸ்கேலால் அளந்து, படிகளை எண்ணி, மலையின் உயரத்தைக் கண்டுபிடித்தார்கள். கீழே ஆளுக்கொரு டீ, இருநூற்று இருபது. எனக்கும் டீச்சருக்கும் எங்கள் காசு. அதுவரை எல்லாம் நன்றாகவே போனது.

பத்து மணிக்குத் திருப்பத்தூர் போகும் பேருந்துக்காக நின்றோம். ஒன்று வந்தது. புறநகர் வண்டி, எல்லாருக்கும் டிக்கெட். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “ஏறுங்கத்தா, எல்லாருக்கும் எடமிருக்கு” என்றார்.

“வேணாம், ரோஸ் பஸ்ஸு வரட்டும்” என்றாள் கல்பனா. “இதுல ஏறுனா இளையாத்தங்குடிக்குக் காசு பத்தாது.”

“அப்ப நில்லுங்க, சாயங்காலம் வரும்” என்று விசிலடித்துப் போனார். அடுத்ததும் புறநகர். அதற்கடுத்ததும். வெயில் ஏறியது. ரோஸ் பஸ் வந்தபோது பதினொன்றே முக்கால்.

திருப்பத்தூருக்கு அருகில் அன்னதானம் போடும் அந்தக் கோயிலின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் குற்றமில்லை. பன்னிரண்டரைக்குப் போனோம். முகூர்த்தக் கூட்டம். நூறு பேருக்குத்தான் சாப்பாடு. டோக்கன் பதினொன்றரைக்கே தீர்ந்துவிட்டது.

“நேர்ல வந்து வரிசைல நின்னாத்தேம்மா டோக்கனு” என்றார் வாசலில் நின்றவர். “நாளைக்கு வெள்ளனா வாங்க.”

பிள்ளைகள் கல்பனாவைப் பார்த்தார்கள். அவள் தாளைப் பார்த்தாள். பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். பாதி வழியில் அந்தோணி பேச்சை நிறுத்தினான். பிறகு ஒரு கடைப் படியில் உட்கார்ந்து தண்ணீராக வாந்தி எடுத்தான். டீச்சர் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

கல்பனா விரலால் கணக்குப் போட்டாள். “அறுநூத்தி எழுவது இருக்கு டீச்சர். ஆளுக்கு ஒரு பன்னு, ஒரு வாழப்பழம். முன்னூத்தி தொண்ணூத்தாறு. பயலுகளுக்குத் திரும்புற டிக்கெட்டு நூத்தி எம்பது. போக மிச்சமே இருக்கு. இளையாத்தங்குடிய விட்ருவோம்.”

தாளில் இளையாத்தங்குடி வரியை அடித்தாள். கணக்கு சரி. பட்டினி இல்லை, ஐந்து மணிக்குள் ஊர், வெளியார் காசு இல்லை. டீச்சர் தலையசைத்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. என்னோடு வந்த கூட்டம் பகல் இரண்டு மணிக்குப் பன்னும் பழமும் தின்பதா? என் பந்தலுக்குள் வந்த பிச்சைக்காரனைக்கூட இலை போடாமல் அனுப்பியதில்லை. “பன்னாவது மண்ணாவது! எல்லாரும் உள்ள வாங்க” என்று எதிரே இருந்த ஹோட்டலுக்குள் தள்ளிக்கொண்டு போனேன்.

“அய்யா, வேணாம். சொல்றதக் கேளுங்க” என்றார் டீச்சர்.

“டீச்சரம்மா, இது எனக்கு ஒரு பந்திக்கு அப்பளம் வாங்குற காசு.”

பரோட்டா, சால்னா, முட்டை. பசித்த பிள்ளைகளை யார் தடுக்க முடியும்? அந்தோணி நாலு தின்றுவிட்டு மறுபடி பேச ஆரம்பித்தான். பில் ஆயிரத்து அறுநூற்று நாற்பது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்தேன். கல்பனா மட்டும் ஒரு பரோட்டாவைப் பிய்த்தபடி இருந்தாள்.

“தாத்தா, இத எதுல எழுத?”

“எதுலயும் எழுதாத ஆத்தா. யாருக்குத் தெரியப் போகுது?”

“எழுதாம எப்புடி? அப்ப அது கணக்கே இல்லையே.”

கெஞ்சினேன். பன், பழம் என்று எழுதிக்கொள் என்றேன். அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்பனா எழுதினாள்: வெளியார் கொடுத்தது, 1,640.

திரும்பும் வழியில் ரோஸ் பஸ் உடனே வந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். நாலரைக்குக் காரைக்குடி. இளையாத்தங்குடி திருப்பத்தூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். ஐந்து மணிக்குள் ஊர் திரும்ப வேண்டுமே, போகவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். என்னால் வந்த வினை, பிள்ளைகள் மேல் தப்பில்லை என்றேன். அவர் மரியாதையாக நாற்காலி போட்டார். “நல்ல மனசுய்யா ஒங்களுக்கு. ஆனா வருசா வருசம் ஒங்கள மாதிரி ஒருத்தர் கெடைப்பாகளா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த வருடத்துக்கான கம்பெனி நோட்டீசை எடுத்துக் காட்டினார். ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு. எத்தனையோ சம்பந்திச் சண்டையைப் பேசித் தீர்த்தவன் நான். அங்கே நோட்டீசை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று மாலை கல்பனா கடைக்கு வந்தாள். கையில் அந்த நூல்கண்டு.

“தாத்தா, ஒங்களுக்குப் பந்தல் கட்ட ஆகும்ல. எடுத்துக்கங்க. பதினாறு ரூவா.”

“முப்பதுக்குத்தான வாங்குனீக? இந்தா, நூறா வச்சுக்க.”

அவள் கை நீட்டவில்லை. “நானூத்தித் தொண்ணூறு மிச்சமிருக்கு. பதினாறு சேந்தா, திருப்பிக் குடுக்க ஆளுக்கு இருவத்தி மூணு சரியா வரும். கூடக் குடுத்தா மறுபடியும் எழுதணும்.”

பதினாறு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, சாலையின் இருபுறமும் பார்த்து, எதிரே போனாள்.

நூல்கண்டு என் கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. எத்தனை பந்தல்கால் கட்டலாம் என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவேன். அந்தக் குளத்தைச் சுற்ற அது போதுமா, போதாதா என்பது மட்டும் தெரியவில்லை.