ஆனந்தமேரி வாசித்துக் காட்டிய செய்தி

பத்திரிகை ஆசிரியர்கள் என்றால் ஜெயிலுக்குப் போனவர்கள், மந்திரிகளின் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் என்றெல்லாம் சரித்திரம் பெருமையாகச் சொல்கிறது. தியாகதுருகத்து ஆனந்தமேரி அசைத்ததெல்லாம் ஒரு சாக்கடை மூடி, ஒரு ரேஷன் கடைப் பூட்டு, நின்றுபோன ஒரு டவுன் பஸ். மாதம் இருமுறை நாலே பக்கம் வரும் அவள் பத்திரிகை. ஆனாலும் அதற்கு ஊரில் ஒரு பயம் இருந்தது. யாரைப் பற்றிச் செய்தி எழுதினாலும், அச்சுக்குப் போகும் முன் அந்த ஆளிடமே போய் முழுக்க வாசித்துக் காட்டுவாள். தப்பென்று நிரூபித்தால் எடுத்துவிடுவாள். வெறுமனே மறுத்தால் செய்தியும் வரும், அதன் கீழே மறுப்பும் வரும். தன் யோக்கியதையைத் தானே உட்கார்ந்து கேட்பது யாருக்குத்தான் பிடிக்கும்?

இந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கல்வராயன் மலையில் ஓர் ஊரில் போன வருஷம் கட்டிய தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு ஒழுகி, இப்போது காய்ந்து கிடக்கிறது. பெண்கள் பழையபடி குடத்தோடு ஓடைக்கு நடக்கிறார்கள். மலையேறிப் பார்த்து, படம் பிடித்து, எழுதியும் முடித்துவிட்டாள். தொட்டியைக் கட்டிய கான்ட்ராக்டர் நைனார்பாளையம் லூர்துராஜ். அவளுடைய ஒரே அண்ணன்.

அப்பா போனதும் படிப்பை விட்டுவிட்டு மேஸ்திரி வேலைக்குப் போய், தங்கையைக் காலேஜுக்கு அனுப்பியவன் அவன். கல்யாணம் ஒத்துவராமல் அவள் திரும்பி வந்தபோது, ஒரு கேள்வி கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவன். பத்திரிகை ஆரம்பித்தபோது ஊரே சிரித்தது. அவன் முதல் இதழைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, வேலை நடக்கிற இடமெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான். கிறிஸ்துமஸுக்கு அவளுக்குப் போக அந்த ஒரு வீடுதான் உண்டு. செய்தி வந்தால் அது மிஞ்சுமா என்பதுதான் அவளைக் குடைந்தது.

"அக்கா, சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போவணும். போன்லயே படிச்சிடுங்களேன்," என்றாள் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற இலக்கியா.

"மூஞ்சியப் பாக்காம எப்படி?"

"அப்ப அடுத்த இதழ்ல போட்டுக்கலாங்க்கா."

"வேற ஒருத்தன் கட்டியிருந்தா தள்ளி வெச்சிருப்பனா?"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, பையை எடுத்தாள், வைத்தாள், டீயைப் பாதி குடித்துவிட்டு ஆறட்டும் என்று விட்டாள். பஸ் வராமல் போனால் நல்லது என்று வேண்டிக்கொண்டாள். அது அன்றைக்கென்று நேரத்துக்கு வந்து தொலைத்தது.

சின்னசேலத்தில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. செய்தியில் எல்லாம் இருந்தது, கான்ட்ராக்டர் தனக்கு யார் என்பது மட்டும் இல்லை. தன் மேலேயே கோபம் வந்தது. பேனாவை எடுத்துக் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்.

லூர்துராஜ் வாசலில் சென்ட்ரிங் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வா மேரி. சாப்ட்டியா?"

"அப்புறம் சாப்டுறண்ணே."

அவள் கையில் இருந்த தாளைப் பார்த்தான். "மலைக்குப் போயிருந்தியாமே. சொன்னாங்க. சரி, படி."

அவள் வாசித்தாள். அவன் ஒரு பலகை மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி கேட்டான். சண்டை போடுவான், பில்லைக் கொண்டுவந்து காட்டுவான் என்று வாரம் முழுக்க எதிர்பார்த்திருந்தாள். அப்படி நடந்திருந்தால் செய்தியை எடுத்துவிட அவளுக்கும் ஒரு வழி கிடைத்திருக்கும்.

"கம்பி கம்மியாப் போட்டது நெசந்தான்," என்றான். "மேல இருக்கறவனுக்கும் குடுத்துட்டு, எனக்கும் மிஞ்சணும்னு பாத்தேன். நீ எழுதனதெல்லாம் சரி. கடைசி வரி மட்டும் சரியில்ல."

"எதுண்ணே?"

"அண்ணன்னு போட்டுக்கிறியே, அது."

அவள் பேனாவால் எழுதிய அந்த வரியை மறுபடி பார்த்தாள்.

"தொட்டி ஒழுவுதுன்னு தெரிஞ்சதும் நேரா வூட்டுக்கு வந்து, இன்னாண்ணே இப்படிப் பண்ணிட்டன்னு சட்டையப் புடிச்சிருந்தா, நீ தங்கச்சி. நீ ஊரெல்லாம் கேட்டுக்கினு, எழுதி முடிச்சிட்டு, கடைசியா எங்கிட்ட வந்து நிக்கிற."

பத்திரிகைக்காரி சொல்லவேண்டிய பதில் அவளிடம் இருந்தது. தங்கை சொல்லவேண்டியது ஒன்றும் இல்லை. அவன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"சாப்ட்டுட்டுப் போங்க," என்றுவிட்டு உள்ளே போனான். அவளை அவன் மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. ஓங்கி அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. சாப்பிடாமலே பஸ் ஏறினாள்.

சாயங்காலம் பக்கத்தைக் கட்டி முடிக்கும்போது, நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்ட இலக்கியா கேட்டாள். "கடைசி வரிய எடுத்துடட்டுங்களாக்கா?"

"எடுக்காத. அவரு சொன்னதையும் சேத்துப் போடு."

அப்படியே அச்சாகி வந்தது: 'ஒப்பந்ததாரர் லூர்துராஜ் இந்த இதழாசிரியரின் உடன்பிறந்த அண்ணன். இதை அவர் மறுக்கிறார்.'