பியர்ப் பீப்பாய்களின் மேல் மகாராணி

பின்னறையில் மகாராணியின் மூக்கு இளகத் தொடங்கியபோது, நான் மெல்பேர்னில் பிரேம் போடும் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று கிழமை. எழுபதுகளின் ஒரு கோடை. கடைக்குத் தகரக் கூரை. வெயில் நாற்பதைத் தாண்டும் என்றது றேடியோ. தாண்டிவிட்டது.

மூக்கு மெழுகில் இருந்தது. மிஸ் ஹார்ப்பர் என்ற முதிய பெண்மணி பிரேம் போடக் கொண்டுவந்த பழைய அரச காப்புரிமைப் பத்திரம். கடையில் பேற்றன்ற் என்போம். பதப்படுத்திய தோலில் எழுதி, அடியில் கயிற்றில் மகாராணியின் உருவம் பதித்த சாசர் அளவு மெழுகு முத்திரை தொங்கும். அவருடைய பூட்டன் சோடாப் போத்தலுக்கு ஒரு மூடி கண்டுபிடித்து லண்டனில் வாங்கியது. சனம் சோடா குடித்தால் சாராயத்தை மறக்கும் என்று நம்பிய மனிதர். அந்தக் குடும்பத்தில் ஒருவரும் இன்றுவரை மதுக்கடைப் படி மிதித்ததில்லை. மிஸ் ஹார்ப்பர் இதைக் காலை வணக்கத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்.

வெளியூர் கிளம்பிய முதலாளி ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால்: "முத்திரைக்கு ஏதும் நடந்தால் திங்கக்கிழமை வராதை."

பக்கத்துக் கட்டடம் ஒரு பப். யாழ்ப்பாணத்து யோகனுக்கு அங்கே பீப்பாய் உருட்டும் வேலை. ஓடினேன்.

"யோகன், மெழுகு உருகுது. என்ர வேலை போகப்போகுது!"

"விசரா, கத்தாதை. கொண்டு வா, கூல்றூமுக்குள்ள வைப்பம்."

"மதுவே தொடாத குடும்பமடா!"

"குடிக்கவே குடுக்கப்போறம்? குளிர வைக்கத்தானே."

வாதத்தில் பிழை பிடிக்க நேரமில்லை. பத்திரத்தைப் பிளாஸ்ரிக்கில் சுற்றி, அது கிடந்த பலகையோடு தூக்கிப்போய்ப் பியர்ப் பீப்பாய்களின் மேல் வைத்தோம்.

திரும்பி வந்தால் கடை வாசலில் மிஸ் ஹார்ப்பர். வெயிலுக்குப் பயந்து முத்திரையைப் பார்க்க வந்திருந்தார்.

"என்ர முத்திரை எங்க?"

வங்கிப் பெட்டகத்தில் என்று வாய்வரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். பொய் வரவில்லை.

"பப்பில, மிஸ். பியரோட."

அவர் குடையை விரித்துப் பப்பை நோக்கி நடந்தார். நான் பின்னால். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் பப்புக்குள் நுழைந்ததும் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்தார்கள். யோகன் கூல்றூம் கதவைத் திறந்தான். மிஸ் ஹார்ப்பர் பிளாஸ்ரிக்கை விலக்கி மெழுகை விரலால் தொட்டார். கல்லாக இறுகியிருந்தது.

"மூக்கு கொஞ்சம் குறைஞ்சிருக்கு," என்றார். "அது பரவாயில்லை. வெளியில எடுத்தால்?"

"திரும்ப உருகும், மிஸ்."

"அப்ப பொழுதுபடும்வரை இங்கயே இருக்கட்டும். நானும் இருக்கிறன்."

கூல்றூம் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் ஒரு சோடா கேட்டார். யோகன் கொடுத்த போத்தலின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூட்டன்ர மூடி இதைவிட நல்லது."

முதலாளியோடு அவரே பேசினார். பிரேம் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: மெழுகை எங்கேயாவது குளிரில் வையுங்கள். எங்கே என்று சொந்தக்காரர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நான் திங்கட்கிழமை வழமைபோல வேலைக்குப் போனேன்.