முப்பது அடிச் சாய்தளம்

அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் அவளைப் 'படிக்கட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆர்க்கிடெக்ட் பட்டம் வாங்கியவள். ஆனால் பதினெட்டு வருஷமாக அவள் மேஜைக்கு வந்ததெல்லாம் படிக்கட்டும் கழிப்பறையும்தான். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு பையன்கள் இன்று பங்குதாரர்கள். ஆளுக்கொரு கண்ணாடி அறை. இவளுக்கு இன்னமும் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து மேஜை. "சைட்டுக்கெல்லாம் பொம்பளைங்க எதுக்கும்மா அலையணும்?" என்று முதலாளி அக்கறையாகக் கேட்பார். அந்த அக்கறையைக் கொண்டுபோய் உடைப்பில் போட வேண்டும்.

ஒவ்வொரு வரைபடத்தின் கீழ் மூலையிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. 'வரைந்தவர்' கட்டத்தில் அவள் பெயர் ஆயிரம் தடவை வந்திருக்கும். 'வடிவமைத்தவர்' கட்டத்தில் யார் மண்டையை உடைத்துக்கொண்டாலும் முதலாளி பெயர்தான். ஒரே ஒரு முறை அங்கே தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று பதினெட்டு வருஷமும் ஏங்கினாள்.

ஒரு மருத்துவமனை வேலை வந்தது. வாசல் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். சக்கர நாற்காலி ஏறுவதற்கு முப்பது அடி நீளத்தில் சாய்தளம் வரைந்திருந்தாள். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"பாதியா குறைச்சிடும்மா. ரெண்டு கார் நிறுத்த இடம் வேணுமாம்."

"ரொம்பச் செங்குத்தாயிடும் சார். தள்ளுறவங்களால தாங்க முடியாது."

அவர் வரைபடத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தார். "சரி, இந்த ஷீட்டை நீயே பார்த்துக்கோ. டிசைன்னு உன் பேரையே போட்டுடு. எத்தனை நாள்தான் நானே போட்டுக்கிறது?"

தலையில் மிளகாய் அரைக்கிறார் என்று புரியாத அளவுக்கு அவள் அப்பாவி இல்லை. ஆனாலும் கை அதுபாட்டுக்குப் பதினைந்து அடியாக வெட்டியது. தன் பெயர் வந்த பிரிண்ட் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போனாள். மகள் அதை பீரோ கதவில் ஒட்டி வைத்தாள்.

மருத்துவமனை திறந்த மூன்றாவது வாரம், வயதான ஒரு அம்மாள் கணவரை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஏறினார். பாதி வழியில் கை விட்டுப்போனது. நாற்காலி அந்த அம்மாளையும் சாய்த்துவிட்டு உருண்டு, கீழே நிறுத்தியிருந்த காரில் மோதியது. கணவர் பிழைக்கவில்லை.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். முதலாளி நாற்பத்தொரு ஷீட்டையும் மேஜைமேல் பரப்பினார். நாற்பதில் அவர் பெயர்.

"இது ஒண்ணு மட்டும் அவங்க டிசைன் சார். லேடீஸுக்கும் வாய்ப்பு கொடுக்கணும்னு நெனச்சேன்" என்றார், குரல் தழுதழுக்க. பங்குதாரர்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு செங்குத்தா இருந்தா ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?"

தெரியாது என்று சொன்னால் பாதித் தப்பு கழிந்துவிடும். படிக்கட்டு அக்காவுக்கு என்ன தெரியும் என்று நம்ப அந்த அறையே தயாராக இருந்தது. முதலாளி தலையாட்டவே ஆரம்பித்துவிட்டார்.

"தெரியும் சார்" என்றாள். "முப்பதடிதான் வரைஞ்சேன். இவர் குறைக்கச் சொன்னாரு. என் பேரு வருதேன்னு நான்தான் வெட்டுனேன்."

அதிகாரி அதை அப்படியே எழுதி, தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "கீழே உங்க பேரை எழுதுங்க."