நீட்டு மணி

எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் பழைய பேப்பர் கடையொன்றில் எனக்கு ஓர் ஆங்கில எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகை கிடைத்தது. அப்போது டயகமப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் எலெக்ட்ரீசியன். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். எனக்கு இருபத்தாறு வயது. தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் ரேடியோ பழுதுபார்க்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல்.

பெட்டி பெட்டியாகச் செய்து வயரால் இணைத்துக்கொள்ளும் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியைப் பற்றிப் பத்திரிகையில் படம் போட்டு எழுதியிருந்தார்கள். ஒரு பெட்டி ஒலியை உண்டாக்கும், இன்னொன்று அதை ஏற்றி இறக்கும். எப்போது ஏற்றி இறக்குவது என்று சொல்வதற்கு இரண்டு வகை சிக்னல். ட்ரிகர் வெறும் ஒரு தட்டு. 'தொடங்கு' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். வாசிப்பவரின் விரல் இன்னும் கட்டையில் இருக்கிறதா என்ற கவலை அதற்கில்லை. மற்றது கேட். விரல் இருக்கும்வரை அதுவும் இருக்கும், விரலை எடுத்தால்தான் நிற்கும். எங்களுக்கு கேட் என்றால் பங்களா கேட்தான். தோட்டத்து மேலாளரான துரையின் கார் உள்ளே போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது காவல்காரன் வேலை. எனக்கு ட்ரிகர்தான் பிடித்துப்போயிற்று. ஒருமுறை தொட்டால் மூன்று விநாடி தானாகவே ஓடும் சர்க்கிட் ஒன்றை லய அறையில் கட்டி முடித்தேன். முதல் ஒலி வந்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அந்த வாரமே ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கூப்பிட்டனுப்பினார். கொழுந்துச் சாக்குகளைக் கீழிருந்து இலை வாட்டும் மாடிக்குத் தூக்க ஸ்டோரில் ஒரு மோட்டார் விஞ்ச் இருந்தது. அதை ஓட்டுபவர் கீழே நிற்பார். மாடியில் சாக்கை இழுத்து இறக்குபவர் ஓர் அக்கா. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அக்கா பொத்தானை அமுக்கினால் கீழே மணி அடிக்கும். மெசின் இரைச்சலில் அந்த மணி காதில் விழுவதில்லை என்று புகார்.

"நல்லா கேக்குற மாதிரி ஏதாச்சும் செஞ்சு குடுப்பா" என்றார் டீமேக்கர்.

என் ட்ரிகர் சர்க்கிட்டைக் கொண்டுபோய் அதில் பொருத்தினேன். இலேசாகத் தொட்டாலும் மூன்று விநாடி முழுதாக அடித்தது. எல்லோரும் மெச்சினார்கள். அக்கா மட்டும் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அமுக்கிப் புடிச்சா என்னா ஆகும்?"

"புடிக்கவே வேணாங்க்கா. தொட்டாப் போதும்."

ஏன் கேட்கிறார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. படித்தவன் அல்லவா! அவர்களுக்குள் குட்டி மணி, நீட்டு மணி என்று இரண்டு இருந்தன. பொத்தானைத் தட்டி விட்டால் குட்டி மணி: தூக்கு. விரலை எடுக்காமல் பிடித்தால் நீட்டு மணி: உடனே நிறுத்து, ஆபத்து. எங்கேயும் எழுதி வைக்காத ஏற்பாடு. நான் பத்திரிகையில் படித்துவிட்டு வேண்டாமென்று ஒதுக்கிய கேட் அதுதான். இது எனக்குத் தெரிந்தபோது பன்னிரண்டு நாள் கடந்திருந்தது.

அன்று காலை அக்காவின் வலது கை விஞ்ச் சங்கிலிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இடது கையால் பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கிறார். கீழே வழக்கம்போல மூன்று விநாடி அடித்து மணி ஓய்ந்தது. ஓட்டுபவர் வழக்கம்போலத் தூக்கினார். அக்காவுக்கு மூன்று விரல்கள் போய்விட்டன.

விசாரணை ஒரு மாதம் கழித்து நடந்தது. அதுவரை விஞ்சையோ மணியையோ யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம் வருவதற்குள் தைரியம் போய்விடும்.

"நீட்டு மணி அடிக்கலைங்க தொரை, குட்டி மணிதான்" என்றார் ஓட்டுபவர். "புடிச்சுக்கிட்டேதாங்க இருந்தேன்" என்றார் அக்கா. இருவர் சொன்னதும் உண்மை. ஆனால் ஒருவர் பொய் சொல்கிறார் என்றே எல்லோரும் முடிவு கட்டினார்கள். தவறு அக்காவுடையது என்றானால் ஸ்டோர் வேலை போகும். அந்தக் கையோடு மலையில் போய்க் கொழுந்து பறிக்கவும் முடியாது.

அமுக்கிக் காட்டச் சொன்னார் துரை. அவரும் டீமேக்கரும் கீழே ஓட்டுபவரோடு நின்றார்கள். சுவிட்சைப் பரிசோதிக்க என்னை அக்காவோடு மாடிக்கு அனுப்பினார்கள். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது பெருவிரலால் அக்கா அமுக்கினார். மணி மூன்று விநாடி அடித்து நின்றது.

"ஏன் கைய எடுத்த?" கீழேயிருந்து டீமேக்கர் கத்தினார்.

அக்காவின் விரல் பொத்தானிலேயே இருந்தது. நகம் வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தார்.

"எடுக்கலையே தம்பி. நீங்க பாக்குறீங்கல்ல?"

பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேலை போய்விடும் என்ற பயம், அதைவிடப் பெரிய வெட்கம், வாய் திறக்கவில்லை. அவர் மறுபடி அமுக்கினார். மூன்று விநாடி. பின்னொரு முறை, உடம்பின் கனத்தையெல்லாம் அந்த விரலில் போட்டு. அதே மூன்று விநாடி.

"எடது கைதானேங்க" என்று கடைசியில் கீழே கேட்கும்படி அவரே சொன்னார். "எனக்குத்தான் சரியா அமுக்கத் தெரியல போல."

அத்தோடு விசாரணை முடிந்தது. சுவிட்சில் பழுதொன்றும் இல்லை என்று எழுதியிருந்த தாளை டீமேக்கர் என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.