குரங்கு டீச்சர் வீட்டுக்கு மாதா வந்த கதை

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. குரங்கு டீச்சர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னால் கன்னம் பழுத்துவிடும் என்று தெரியும்.

மலேசியாவில், கிள்ளானில், உறுதிப்பூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், மனுஷன் குரங்கு மாதிரி ஒண்ணுலேர்ந்து வந்தான்னு யூடியூப்ல காட்றாங்க. அப்ப பைபிள்ல தொடக்கநூல் சொல்றது பொய்யா?"

"பொய்யில்லம்மா. படைச்சவர் கடவுள்னு அது சொல்லுது. எப்படி, எவ்வளவு காலத்துலன்னு விஞ்ஞானம் சொல்லுது. உடம்பு எந்த வழியா வந்தாலும் ஆன்மாவைக் கொடுக்கிறவர் அவர்தான். திருச்சபை இதை வேண்டாம்னு சொல்லல" என்றேன்.

இதில் என் சொந்தச் சரக்கு எதுவும் கிடையாது. மறைக்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் எங்கள் பங்குத்தந்தை சொல்லிக்கொடுத்ததைத்தான் அப்படியே சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்குள் ஊரெல்லாம் பேச்சு. டீச்சர் பிள்ளைகளை அனுமாரைக் கும்பிடச் சொல்கிறாராம்! பரிணாமம் எவர் காதிலும் ஏறவில்லை, குரங்கு மட்டும் ஏறிக்கொண்டது. காரணம் என் கணவர். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கியவர். அதன் பிறகு என்னைவிட ஒழுங்காகப் பூசைக்குப் போனவர். இருந்தும் என்ன? "புருஷன் இந்து வீட்டுப் பிள்ளைதானே, பழைய புத்தி எங்க போகும்" என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள்.

அதைச் சொல்லிக்கொடுத்த ஃபாதரே என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். "நீங்க சொன்னது சரிதான் டீச்சர். ஆனா ஜனங்க மனசு புண்படுது. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்."

"சரின்னா அதைப் பூசையில சொல்லுங்க ஃபாதர்."

"டைம் வரட்டும்."

பாம்புக்குத் தலை, மீனுக்கு வால். என் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அதோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அந்த வருஷம்தான் என் கணவருக்குப் பக்கவாதம். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ்வரை கூட்டிப்போய் உடம்பை உருவிவிட்டுப் பார்த்தோம், பலனில்லை. முன்கூடத்துக் கட்டிலே கதி என்று ஆனார். கோயிலுக்குப் போக முடியாது. அக்டோபரில் மாதா வருவார் என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜெபமாலை மாதமான அக்டோபரில் எங்கள் அன்பியத்தில் மாதாவின் சிலை, அதாவது சுருபம், தினமும் ஒரு வீட்டுக்குப் போகும். அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள். சாயங்காலம் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்லிப் பாட்டுப் பாடுவோம், பிறகு சாப்பாடு. மறுநாள் அடுத்த வீடு. எங்களுடையது வரிசை வீடு, இரண்டு பக்கமும் பொதுச் சுவர். இடதுபக்கச் சுவரில் கேட்ட பாட்டு மறுநாள் வலதுபக்கச் சுவரில் கேட்டது.

என் கணவரின் வாய் ஏற்கெனவே கோணியிருந்தது. குழறிக்கொண்டே கேட்டார்: "நான் பொறப்புல இந்துங்கிறதாலயா?"

ஐயோ, அந்தக் கேள்வி! என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்த மனுஷன் யாருக்கு என்ன செய்தார்? அடுத்த நிமிஷமே அன்பியத் தலைவி வீட்டு வாசலில் நின்றேன்.

"அக்கா, அவரு பாவம். மாதாவை ஒருநாள் கொண்டு வாங்க."

"எங்களுக்கு மட்டும் ஆசையில்லையா டீச்சர்? எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை, சொன்னது தப்புன்னு சொல்லிடுங்க. நாளைக்கே தூக்கிட்டு வரோம் லா."

பேரம்! மாதாவை வைத்துப் பேரம். வீடு திரும்பும்வரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கூடத்துக்குள் நுழைந்து அவர் முகத்தைப் பார்த்ததும் தலைவிக்குப் போன் செய்து, சரி என்றேன்.

மறுநாள் சாயங்காலம் மாதா வந்தார். ஃபாதரும் வந்திருந்தார். சுருபத்தைக் கட்டிலருகே வைத்தார்கள். என் கணவர் நல்ல கையை நீட்டி மாதாவின் பாதத்தைத் தொட்டு விசும்பினார். ஜெபமாலை முடிந்ததும் தலைவி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"மனுஷன் அப்படி வந்தான்னு பிள்ளைங்களுக்குச் சொன்னது தப்பு. தப்பாப் படிச்சுட்டேன்."

"ஆமென்" என்று யாரோ சொன்னார்கள். தலைவி என்னைக் கட்டிப்பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் போய் அரிசி சேமியா மீகூனைப் பரிமாறினேன்.

என் வாயால் வந்தது பொய் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் இருவர் இருந்தார்கள். ஒருவர் மாதா. சுருபம் பேசாது. இன்னொருவர் தட்டை நீட்டி, "டீச்சர், சம்பல் இன்னும் கொஞ்சம்" என்றார்.