மிளகாய் பறித்த கை

எங்கள் கடலாடிப் பக்கத்தில் மிளகாய் பறித்துவிட்டு வரும் பெண்கள் பிள்ளையை விரலால் தொடமாட்டார்கள், முன்னங்கையில்தான் ஏந்துவார்கள். காரம் அப்படி. ராமலெட்சுமி தன் இரண்டு பிள்ளைகளையும் அப்படித்தான் தூக்கி வளர்த்தாள். ஊர் சிரிக்கச் சிரிக்க மறுபடி படித்து, இருபத்தெட்டு வயதில் பத்தாவது தேறினாள். ஊர்ப்பட்ட கூட்டம் முட்டிமோதிய கிராம சுகாதார நர்ஸ் பயிற்சியில் இடமும் பிடித்தாள்.

முதல் பாடத்தில் பொம்மைக் குழந்தையை நீட்டினார்கள். விரல்களை விலக்கிக்கொண்டு முன்னங்கைகளில் வாங்கினாள்.

"ஏம்மா, கையால பிடிக்க மாட்டியா?" என்றார் ஆசிரியை.

"மொளகா பறிச்ச கையி டீச்சர். பிள்ளைக்கு எரியும்."

அவள் மிளகாய்ச் செடியைத் தொட்டே மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

அன்று சிரித்த ஊருக்கு ஒன்று சொல்கிறேன்: உங்கள் பேரப்பிள்ளைகளை முதன்முதலில் தொட்டுத் தூக்கியது அந்தக் கைதான்.